பக்கத்து இலையைப் பார்க்காத கணக்கு

உன் பச்சை மையை இன்று காலை என் மகள் தின்றுவிட்டாள்.

முழுவதும் இல்லை, ஒரு மூலைதான். தூளி கட்டியிருக்கும் சேலை நைந்துவிட்டதோ என்று எனக்கு மூன்று நாளாகச் சந்தேகம். என் வீட்டுக்காரர் தூளியில் கையை ஊன்றி முழுப் பாரத்தையும் போட்டுக் காட்டினார். "ஒண்ணும் ஆவாது, நானே படுத்துத் தூங்கலாம்" என்றார். இருந்தாலும் மாற்றிவிடுவோம் என்று டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்த மாம்பழ நிறச் சேலையை உருவி உதறினேன். மடிப்புக்குள்ளிருந்து ஒரு நீளத் தாள் விழுந்தது. இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள். நான் குனிவதற்குள் அவள் தவழ்ந்து வந்து பிடித்துவிட்டாள். பிடுங்கிப் பார்த்தால் உதடெல்லாம் பச்சை.

நாக்கைத் துடைத்துவிட்டுத் தண்ணீர் புகட்டினேன். அப்புறம் அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன். "மை உள்ள போனா விஷமாக்கா?" அவர் அவள் வாயைத் திறந்து பார்த்தார். "எழுத்தத் தின்ன புள்ளைக்கு படிப்பு நல்லா வரும், போ" என்றார்.

திரும்பி வந்து மிச்சத்தைப் படித்தேன். தாளில் இரண்டு வரி, நம்முடைய அந்த விசித்திர எழுத்துகளில். மேல் வரிக்கு எதிரே உன் கையெழுத்தில் 'இருபத்தஞ்சு நிமிஷம்'. கீழ் வரிக்கு எதிரே 'ஒரு நிமிஷம்கூட இல்ல'. அதற்கும் கீழே இரட்டைக் கோடு போட்டு, 'விடை ஒண்ணு'. பஸ் பிடிக்க ஓடுகிறவளைப் போல வலதுபக்கம் சாய்ந்த எழுத்து. பச்சை மையில் ஆபீசர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் சொன்னபோது, "அவுங்க கையெழுத்த அவுங்க போடட்டும், நான் கணக்குத்தானே போடறேன்" என்றவள் நீ.

இந்த மடல் தாமதமானது. நீ போய் ஒன்றேகால் வருஷம் தாண்டிவிட்டது. காமாலை என்று நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு மூன்று மாதம். வாயில் வைத்ததெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி துக்க வீட்டுக்குப் போகக்கூடாது என்று, உன் பதினாறாம் நாள் கழிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அதற்குள் அழுவதற்குரிய நாளெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அதனால்தானோ என்னவோ, உனக்கு அழுகிற கடிதம் எழுத எனக்குக் கை வரவேயில்லை. எழுதினாலும், "ஏய் பெரம்பலூரு, மூக்கத் தொடச்சிட்டுப் பேசு" என்றுதான் சொல்வாய்.

நீ ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவள், அதனால் பெரம்பலூரு. உன் வீடு அரியலூருக்கு வெளியே, சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக் குவாரிக்கு நடந்து போகிற தூரத்தில். இருவருக்கும் ஒரே வயது, கையில் ஒரே கணக்கு டிகிரி. ஆலைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தபோது அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்களைத் தற்காலிகமாக எடுத்தார்கள். வேப்பமரத்தின் இலைகூட வெள்ளையாக இருக்கும் அந்த ஆலையில் ஏசி போட்ட ஒரே அறை நம்முடையது. கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பை வெளியே விட வேண்டும். ஆயுத பூஜைக்கு அந்த மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாய். "கண்ணுல வெக்காதடி, திரை மறைஞ்சிரும்" என்று நான்தான் பதறினேன்.

மெட்ராசிலிருந்து வந்த என்ஜினியர் பதினைந்து நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு தடிப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மெஷினோடு பேசுகிற மொழி இருக்கிறதே, எப்பேர்ப்பட்ட மொழி அது. நூறு வரி எழுத வேண்டிய வேலைக்கு ஒரு வரி போதும். ஒரு எண்ணுக்குச் செய்யச் சொல்வதை, பட்டியலில் நாலாயிரம் எண் இருந்தால் நாலாயிரத்துக்கும் தானே செய்யும். ஒரு வேலைக்கு ஒரு எழுத்து. அந்த எழுத்துகளுக்கெல்லாம் புத்தகத்தில் இருந்த கிரேக்கப் பெயர் உனக்குப் பிடிக்கவில்லை. ஒன்று அகப்பை, ஒன்று தூண்டில், ஒன்று கோபுரம். வட்டத்தின் நடுவே கோடு போன எழுத்து, கம்பியில் குத்தின வடை. "வடையப் போட்டு அகப்பையப் போடுடி" என்று நீ சத்தமாகச் சொல்ல, வாசலில் நின்ற பியூன் டீக்கடை ஆர்டர் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வரியை வலது கோடியிலிருந்து படிக்க வேண்டும். வலக்கோடியில் உள்ள வேலை முதலில் நடக்கும். அதில் கிடைத்தது அடுத்த எழுத்தின் கைக்குப் போகும். அங்கிருந்து அதற்கும் அடுத்ததற்கு. கட்டட வேலையில் செங்கல்லைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே அனுப்புவார்களே, அப்படி. யார் எங்கே நிற்பது என்பதை மாற்றினாலும் சில சமயம் அதே கல் அதே இடத்துக்குப் போய்ச் சேரும் என்பது அப்போது நமக்குத் தெரியாது.

நம் வேலை இதுதான். குவாரியில் நாற்பது குழி. ஒவ்வொரு குழியிலிருந்தும் தினம் ஒரு பிடிக் கல் லேபுக்கு வரும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு, மண் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று லேபில் பார்த்து எழுதி மதியம் பன்னிரண்டரைக்கு நமக்குக் கொடுப்பார்கள். அதை மெஷினில் ஏற்றி, ஈரத்தைக் கழித்து, தரம் கண்டுபிடித்து, எந்தக் குழிக் கல்லை இன்றைக்கு அள்ளலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். இரண்டு மணிச் சங்கு ஊதியதும் அடுத்த ஷிப்டு லாரிகள் குழிக்குள் இறங்கும். பட்டியல் அதற்கு முன்னால் குவாரிக்குப் போயாக வேண்டும்.

வரியை எழுதியது நான். நூறு நாள் கல்லின் கணக்கு மெஷினில் இருந்தது. நாற்பது குழி, நூறு நாள், நாலாயிரம் கல். நான் எழுதின வரி நாலாயிரத்துக்கும் ஈரத்தைக் கழித்து, நாலாயிரத்துக்கும் தரம் கண்டு, கடைசியில் இன்றைய நாற்பதை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும். எல்லாவற்றையும் ஒருமுறை முழுதாகச் செய்துவிட்டால் எதுவும் விட்டுப்போகாதே என்பது என் எண்ணம். எனக்கு அது பத்திரமாகத் தோன்றியது. மெஷினுக்கு இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. பிளாப்பி கறகறவென்று சுற்றிக்கொண்டேயிருக்கும். நடுவில் கரெண்ட் போனால் முதலிலிருந்து.

குவாரி போர்மேன் தினமும் ஒன்றே முக்காலுக்குக் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டுவார். கல்லை உடைத்து நாக்கில் வைத்தே தரம் சொல்லிவிடுகிற மனிதர். "என்னம்மா, பொட்டி வெந்துச்சா, இன்னும் கொதிக்குதா?"

"இதோ சார், அஞ்சு நிமிஷம்."

"அந்த அஞ்சு நிமிஷத்த நேத்தே குடுத்தேனேம்மா" என்று சொல்லிவிட்டு, நம் பட்டியல் இல்லாமலேயே லாரியை இறக்கிவிடுவார். அப்படி ஒரு வாரத்தில் நாலு நாள் ஆனபோது மேனேஜர் கூப்பிட்டார். "அடுத்த மாசக் கடைசிவரைக்கும் பாப்போம். அதுக்கும் மேல முடியலன்னா மெஷின மெட்ராசுக்கே அனுப்பிடலாம்" என்றார். மெஷின் போனால் நாமும் போக வேண்டியதுதான் என்பதை அவர் சொல்லவில்லை.

வேலை போனால் எனக்கு என்ன, வீட்டில் ஒரு ஜாதகம் தயாராகக் காத்திருந்தது. உனக்கு எதிரே என்ன காத்திருந்தது என்று எனக்கு அதன் மறுநாள்தான் உறைத்தது. பட்டியலை எடுத்துக்கொண்டு இருவரும் குவாரிக்கு ஓடினோம். குழி விளிம்பில் புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் ஒருவர் உன்னை மட்டும் நிறுத்தினார். "ஏய், கூடை எங்க? சும்மா நிக்கிற?"

"மேல ரூம்ல வெச்சிருக்கேன் சார். அது கரெண்டுல ஓடற கூடை" என்றாய்.

அவருக்குப் புரியவில்லை, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி நடக்கும்போது நீ குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தாய். கீழே குழிக்குள் கூடை சுமக்கும் பெண்களுக்கு நடுவில் உன் அம்மா தலைச்சுமையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். உன் பாட்டன் காலத்தில் ஊரார் வயலில் கூலி. அம்மா காலத்தில் குவாரியில் கல். உன் காலத்தில்தான் ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்கும் ஒரு மாதம் கெடு வைத்திருந்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் பத்தொன்பதாவது நிமிடத்தில் கரெண்ட் போனது. பட்டியல் இல்லை என்று தெரிந்ததும் நாம் நிதானமாகச் சாப்பிட உட்கார்ந்தோம். நான் புலம்பிக்கொண்டிருந்தேன். என்னைச் சிரிக்க வைக்க நீ உன் பழைய கதை ஒன்றை எடுத்தாய். எட்டாம் வகுப்பு லீவில் நீயும் ஒரு வாரம் குவாரியில் கூடை சுமந்தாயாம். முதல் நாள் கிடைத்த கல்லையெல்லாம் அள்ளிப்போட்டுக்கொண்டு மேலே ஏறி, அங்கே கொட்டி, மண்கட்டியைத் தள்ளிவிட்டு நல்ல கல்லைப் பொறுக்கினாயாம்.

"எங்கம்மா இடுப்புல கைய வெச்சிகிட்டு, 'ஏன்டி, மலையவே மேல கொண்டாந்துட்டா பொறுக்குவ? கீழயே பொறுக்கிட்டுத் தூக்கினா உன் கழுத்து என்ன கோவிச்சுக்குமா'ங்குது. சுத்தி நின்னவுங்க எல்லாம் சிரிக்கிறாங்க. எனக்கு அன்னிக்கு வந்த கோவத்துல…"

அத்தோடு நிறுத்திவிட்டாய். எலுமிச்சஞ்சாதம் விரலில் அப்படியே இருந்தது.

"பெரம்பலூரு. நாம அந்தப் பொட்டிய அதத்தான்டி பண்ண வெக்கிறோம்."

கரெண்ட் வந்ததும் வரியில் இருந்த எழுத்துகளை இடம் மாற்றினாய். ஒன்றையும் புதிதாகச் சேர்க்கவில்லை, ஒன்றையும் நீக்கவில்லை. இடக்கோடியில் கடைசியாக நடந்துகொண்டிருந்த பொறுக்கும் வேலையை வலக்கோடிக்குக் கொண்டுபோனாய். இப்போது முதலில் நாற்பதைப் பொறுக்கும். அப்புறம் நாற்பதுக்கு மட்டும் ஈரத்தைக் கழிக்கும், நாற்பதுக்கு மட்டும் தரம் பார்க்கும். நீ பொத்தானைத் தட்டினாய். நான் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அச்சு யந்திரம் கத்தத் தொடங்கிவிட்டது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு மணி நேரமாகிற வேலையை ஒரு நிமிடத்தில் முடித்தேன் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் அடுப்பைத் திறந்து பார்க்கத்தான் தோன்றும். பத்துக் கல்லை எடுத்து இரண்டு வழியிலும் கையால் போட்டுப் பார்த்தோம். விடை ஒன்று. பழைய வரியையும் முழுதாக ஓட விட்டு, இருபத்தைந்து நிமிடம் காத்திருந்து, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாற்பது எண்ணையும் விரல் வைத்துப் பார்த்தேன். கடைசிப் புள்ளிவரைக்கும் ஒன்று. அன்றைக்குத்தான் நீ பேனாவைத் திறந்து இந்தத் தாளில் எழுதினாய்.

அடுத்த நாள் ஒன்று இருபதுக்கே நீ பட்டியலோடு குவாரியில் போய் நின்றதும், "என்னம்மா இது, நான் இன்னும் சாப்பாட்டுத் தூக்கையே தொறக்கல" என்று போர்மேன் திகைத்ததும், "தொறங்க சார், என்ன கொழம்புன்னு அடுத்து அதையும் லிஸ்ட்ல போட்டுடறோம்" என்று நீ சொன்னதும் ஆலை முழுக்கப் பரவிவிட்டது. பத்து நாள் நாம் தரையில் நடக்கவில்லை.

நான் மட்டும் ஒன்று செய்துகொண்டிருந்தேன். நீ பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியே போனதும், பழைய வரியை ஓட விடுவேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். ஒரு நாள் பாதியில் வந்து கண்டுபிடித்துவிட்டாய். "பூட்டின பூட்ட நாலு தடவ இழுத்துப் பாக்கற ஆளு நீ. ஒரு நாளைக்கு நீ இழுத்து இழுத்தே அது தொறந்துக்கப் போவுது" என்று அன்று முழுக்கக் கேலி. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். ஒரே நாள் கல்லை வைத்துத் தரத்தை முடிவு செய்யாமல், ஒவ்வொரு குழிக்கும் அதற்கு முந்தின நாலு நாள் கல்லையும் சேர்த்துச் சராசரி பார்க்கச் சொன்னார். நல்ல யோசனைதான். சராசரிக்கும் நம்மிடம் ஒரு வேலை எழுதி வைத்திருந்தது. பட்டியலில் ஒவ்வொரு எண்ணையும் அதற்கு மேலே இருக்கிற நாலு எண்ணோடு சேர்த்துச் சராசரி எடுக்கும். அதை நீ வரியின் இடக்கோடியில் சேர்த்தாய். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன், நானும்தான் தலையாட்டினேன். மெஷின் ஒரு முனகல் இல்லாமல் விடை கொடுத்தது. நீ ஒன்றேகாலுக்குக் கிளம்பிவிட்டாய்.

நான் பழைய வரியிலும், பொறுக்கும் வேலைக்கு முன்னால் நடக்கும்படி, சராசரியைச் சேர்த்து ஓட விட்டேன். ஒன்று நாற்பத்திரண்டுக்குத் தாள் வந்தது. விரல் வைத்துக்கொண்டே வந்தேன். முதல் குழியிலேயே எண் ஒத்துப்போகவில்லை. இரண்டு, மூன்று, எதுவும் ஒத்துப்போகவில்லை. பதினேழாம் குழிக்கு வந்தபோது விரலை எடுக்காமல் இரண்டு தாளையும் மறுபடி பார்த்தேன். நீ கொண்டுபோன பட்டியலில் அது நல்ல கல், அள்ளலாம். என் கையில் இருந்த தாளில் அது தொடவே கூடாத கல்.

ஏன் என்று அங்கேயே புரிந்துவிட்டது. மெஷினில் ஒவ்வொரு குழியின் நூறு நாளும் நாள் வரிசையில் இருந்தது. முழுப் பட்டியலில் சராசரி எடுத்தால், பதினேழாம் குழியின் இன்றைய கல்லுக்கு மேலே அதே குழியின் நேற்று, முந்தாநாள் இருக்கும். நாற்பதைப் பொறுக்கி எடுத்துவிட்ட பிறகு சராசரி எடுத்தாலோ, அதற்கு மேலே இருப்பது பதினாறாம் குழி, பதினைந்தாம் குழி. மண் ஏறிப்போன பதினேழு, அண்டை அயலாரிடம் நல்ல கல்லைக் கடன் வாங்கி அழகாகிவிட்டது. ஈரத்தையும் தரத்தையும் இடம் மாற்றினோம், ஒன்றும் ஆகவில்லை. அதே துணிச்சலில் இதையும் மாற்றியிருந்தோம்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஓடியது அன்றைக்குத்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு தாளையும் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். செருப்பு ஏசி அறை வாசலிலேயே கிடக்கிறது என்பது பாதி வழியில் கால் வெந்தபோதுதான் தெரிந்தது. குழி விளிம்பில் உன் அம்மா கூடையோடு நின்றிருந்தார்.

"ஏன் புள்ள இப்பிடி ஓடியாற, ரூம்புல தீப் புடிச்சிருச்சா?"

"இல்லம்மா, கணக்கு" என்றேன். மூச்சு வாங்கியது.

"கணக்குக்கா இந்த ஓட்டம்? கல்லு ஒடைக்கிறதே தேவலாம் போலருக்கே" என்றவர் அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

நீ போர்மேனோடு நின்றிருந்தாய். நான் இரண்டு தாளையும் உன்னிடம் கொடுத்தேன். நீ பதினேழாம் எண்ணில் விரலை வைத்தாய். "எது பழைய வரி?" என்று கேட்டாய். நான் காட்டினேன். அதற்குப் பிறகு நீ கண்ணை மூடி ஒரு மூச்சு விட்ட அந்த நேரத்தில், நாற்காலி, கெடு, கூடை எல்லாவற்றையும் நான் உன் முகத்தில் பார்த்தேன். லாரி டிரைவர்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊத ஐந்து நிமிடம்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு நாள் கெட்ட கல் போனால் யார் வந்து வரியைப் படித்துப் பார்க்கப்போகிறார்கள்? அந்த ஆலையில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

"என்னம்மா அங்க குசுகுசு?" என்றார் போர்மேன்.

"குசுகுசு இல்ல சார். நான் குடுத்த லிஸ்ட் தப்பு. பதினேழ அள்ளாதீங்க. இதுதான் சரி" என்று என் தாளை நீட்டினாய். உன் அம்மா கூடையை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

போர்மேன் தாளை வாங்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கல் துண்டை எடுத்துக் காட்டினார். செம்மண் ஒட்டியிருந்தது. "பதினேழுதான். காலையிலயே நாக்குல வெச்சேன், மண்ணு. பொட்டி நல்ல கல்லுங்குதே, நமக்குத்தான் வயசாயி நாக்கு செத்துப்போச்சோன்னு அரை மணி நேரமா நானே என்னைய திட்டிகிட்டு நிக்கிறேன்" என்றார். அப்புறம்தான் தாளை வாங்கினார். என் காலைப் பார்த்தார். "செருப்புகூட இல்லாம ஓடியாந்திருக்கியே தாயி."

திரும்பும்போது தரை தணலாக இருந்தது. நீ உன் இடது செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினாய். ஆளுக்கு ஒரு செருப்பு. தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாத காலைத் தூக்கித் தூக்கி, நொண்டி விளையாட்டுப் போல ஆலை வாசல்வரை வந்தோம். வாட்ச்மேன் எழுந்து நின்று பார்த்தார். வழியில் நீ சொன்னதுதான் அந்த மெஷினைப் பற்றி நான் கற்றுக்கொண்ட எல்லாம்.

"பந்தியில உக்காந்தா, தன் இலையப் பாத்துச் சாப்புடற ஆள எங்க வேணா தூக்கி உக்கார வெக்கலாம்டி. பக்கத்து இலையப் பாக்கற ஆள எடம் மாத்துனா சண்டதான். ஈரம் கழிக்கிறது, தரம் பாக்கறது எல்லாம் தன் இலைக் கணக்கு. இந்தச் சராசரி பக்கத்து இலைக் கணக்கு."

கொஞ்ச தூரம் போன பிறகு இன்னொன்றும் சொன்னாய். "நீ பயந்துகிட்டே இரு பெரம்பலூரு. எனக்கு அது வேண்டியிருக்கு."

மறுநாள் ஒரு நடு வழி கண்டுபிடித்தோம். நாலாயிரமும் வேண்டாம், வெறும் நாற்பதும் வேண்டாம். குழிக்குக் கடைசி ஐந்து நாள் மட்டும், இருநூறு கல். முதலில் அதைப் பொறுக்கி, அதில் சராசரி எடுத்து, அப்புறம் இன்றைய நாற்பதை எடுப்பது. இரண்டு நிமிடம் ஆனது. விடை, பழைய வரியோடு ஒன்று. மாதக் கடைசியில் மேனேஜர் கேட்டபோது போர்மேன் சொன்னாராம்: "இருக்கட்டும் சார். தப்புன்னா வெறுங்காலோட ஓடியாந்து சொல்லுது. நம்ம லேபுலேருந்து ஒருத்தராவது ஓடியாந்து நான் பாத்ததில்ல." இருவருக்கும் வேலை நிரந்தரம் என்ற ஆர்டர் கையில் வந்தது. நீ அதை உன் அம்மாவிடம் காட்ட, அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாராம். "கடைசிலேருந்து படிக்குது, நம்ம மெஷின் மாதிரியே" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாய். அன்று உன் கண் சிவந்திருந்தது.

அந்த வருஷத் தையில் எனக்குக் கல்யாணம். பந்தியில் என்னையும் அவரையும் சேர்த்து உட்கார வைத்தபோது நீ பின்னாலிருந்து குனிந்து காதில் சொன்னாய்: "இனிமே உன் கணக்கெல்லாம் பக்கத்து இலையப் பாத்துத்தான் ஓடும், பழகிக்க." பாயசம் எனக்குப் புரையேறியது. அவர் இன்றுவரை அந்தத் தோழி என்ன சொன்னாள் என்று கேட்கிறார். நான் வேலையை விட்டேன். நீ அந்த நாற்காலியில் கடைசிவரை இருந்தாய்.

உன்னிடம் இப்போது சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. என் மகளுக்குப் பத்து மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டு அக்காவின் பேரன் இவளுக்குப் பதினைந்து நாள் இளையவன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இவள் நிற்கவில்லை. நான் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறேன்: அவன் குப்புற விழுந்த நாள், இவள் விழுந்த நாள், அவன் பல், இவள் பல். ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை எனக்கு. எடை போடும் நர்ஸம்மா, "நல்லா இருக்கா, போயிட்டு வாங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். நாலாவது தடவை நான் போனபோது எனக்கு எடை போட்டார்.

இன்று உன் பச்சை எழுத்தைக் காய வைத்துவிட்டு அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாளும் பதினேழாம் குழியின் கல்லைப் பதினாறாம் குழியோடு சேர்த்துச் சராசரி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுடைய நேற்று, முந்தாநாள் எல்லாம் அதே நோட்டில்தான் இருந்தது. அதை மட்டும் வரிசையாகப் படித்தால், போன மாதம் உட்கார வைத்தால் சாய்ந்தாள். இந்த மாதம் தானே உட்கார்கிறாள். இன்று உன் கணக்கைத் தவழ்ந்து வந்து பிடித்து நான் குனிவதற்குள் தின்றாள். நிற்பது தன் இலைக் கணக்கு. தெருவில் அம்மை என்றால் அப்போது பக்கத்து இலையைப் பார்த்துக்கொள்வேன். நீ இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாய். நான் வழக்கம்போல நீள வழியில் வந்திருக்கிறேன். ஆனால் விடை ஒன்று.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "என்னம்மா, இவ நிக்கறாளா?"

"இன்னும் இல்லக்கா. அவ இலையில இப்பதான் பரிமாறிகிட்டிருக்காங்க."

"இப்பத்தான ஊட்டுன, மறுபடியுமா?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தூளிச் சேலையை மாற்றவில்லை. பழையதே நன்றாகத்தான் இருக்கிறது. உன் தாளை மாம்பழ நிறச் சேலைக்குள் மடித்து வைத்து, டிரங்குப் பெட்டியைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு தடவைதான்.